ரைகிராஸ் மேய்ச்சல் நிலம் ஏன் நலிகிறது: அறிகுறியைப் பார்த்து ரகத்தை முடிவு செய்யும் வழிமுறை

நியூசிலாந்தின் பால் பண்ணைகளிலும் செம்மறிப் பண்ணைகளிலும் கால்நடைத் தீவனத்தின் பெரும்பகுதி ரைகிராஸ் என்னும் புல்லும் வெள்ளைக் குளோவர் என்னும் பயறுவகைச் செடியும் கலந்த மேய்ச்சல் நிலத்திலிருந்தே கிடைக்கிறது. அந்த நிலம் நலியத் தொடங்கியதும் விதைக்கடைக்குப் போய் வேறு ரகம் கேட்பதுதான் வழக்கம். ஆனால், பழைய ரகம் எதனால் தோற்றது என்று அறியாமல் வாங்கும் புதிய ரகமும் அதே காரணத்தால் அதே மாதத்தில் தோற்றுப்போவதையே அடிக்கடி காண்கிறோம். ஆகவே, அந்நாட்டுப் பண்ணைகளில் வேலை பார்க்கும் தமிழர்களையும் மேய்ச்சல் நிலப் பராமரிப்பைப் படிக்கும் மாணவர்களையும் மனத்தில் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்கும், காரணத்திலிருந்து ரகத்துக்கும் போகும் முறையில் இவ்வழிமுறை எழுதப்பட்டுள்ளது. மாதங்கள் தென் அரைக்கோளத்துக்கு உரியவை: அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, மார்ச் முதல் மே வரை இலையுதிர் காலம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

விதைப் பையின் சீட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதில் ரகத்தின் பெயரைக் காட்டிலும் முக்கியமானவை மூன்று. புல் பல்லாண்டு வகையா, கலப்பின வகையா, இத்தாலிய வகையா, ஓராண்டு வகையா என்பது ஒன்று. அது டிப்ளாய்டா (செல்லில் இரண்டு குரோமோசோம் தொகுதிகள் உள்ளது) டெட்ராப்ளாய்டா (நான்கு தொகுதிகள் உள்ளது) என்பது இரண்டாவது. விதைக்குள் இருக்கும் எண்டோஃபைட் எது என்பது மூன்றாவது. எண்டோஃபைட் என்பது ரைகிராஸ் செடியின் உள்ளே, செல்களுக்கு இடையில் வாழ்ந்து, விதை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும் பூஞ்சை ஆகும். ஒரு செடியிலிருந்து பக்கத்துச் செடிக்கு அது பரவாது. இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டால் கீழே வருவனவற்றில் பாதி புரியாது.

சீட்டு இல்லையென்றால் விதைத்த மாதம், விதைத்த அளவு, அதற்கு முன் அந்த நிலத்தில் என்ன இருந்தது என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு மண்வெட்டி வேண்டும். அலுவலகத்தில் அமர்ந்து ரகப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால், நலிந்த இடத்தில் நான்கும் நன்றாக உள்ள இடத்தில் நான்குமாக எட்டு மண்கட்டிகளை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டியெடுத்து உடைத்துப் பார்ப்பது பயன் தரும். அந்த ஆழத்துக்குள்தான் ரைகிராஸ் வேரின் பெரும்பகுதி இருக்கிறது, அதைத் தின்னும் பூச்சிகளும் அங்கேதான் இருக்கின்றன.

அறிகுறி: விதைத்து மூன்று வாரமாகியும் பயிர் திட்டுத் திட்டாக இருக்கிறது

இதில் ரகத்தின் குற்றம் அரிது. ரைகிராஸ் விதையை 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆழத்தில் இட வேண்டும். 30 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் முளை மேலே வருவதற்குள் களைத்துவிடும். வசந்த விதைப்பாக இருந்தால் மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி உயர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரகத்தேர்வு குறுக்கிடுகிறது, அது விதையின் பருமன். டிப்ளாய்டு விதை ஆயிரம் ஏறத்தாழ 2 கிராம் எடை இருக்கும். ஆகவே எக்டருக்கு 20 கிலோ விதைத்தால் சதுர மீட்டருக்கு 1,000 விதைகள் விழுகின்றன. டெட்ராப்ளாய்டு விதை ஆயிரம் 3 முதல் 4 கிராம் வரை எடை இருக்கும். பழைய பழக்கத்தில் அதையும் 20 கிலோவே விதைத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 670 விதைகளே விழும். அதனால்தான் டெட்ராப்ளாய்டுக்கு எக்டருக்கு 25 முதல் 30 கிலோ வரை பரிந்துரைக்கிறார்கள். "புது ரகம் அடர்த்தியாக வரவில்லை" என்ற புகாரில் எத்தனையோ இந்தக் கணக்கைப் போடாததால் வந்தவை.

அறிகுறி: முதல் ஆண்டு செழித்தது, இரண்டாம் மூன்றாம் ஆண்டில் காணாமல் போனது

அடிக்கடி வரும் புகாரும், பலரும் தவறாகக் காரணம் கற்பிக்கும் புகாரும் இதுதான். இதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி, அந்தப் புல் நீடித்து இருக்கும் வகைதானா என்பது. வெஸ்டர்வோல்ட் எனப்படும் ஓராண்டு ரைகிராஸ் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். இத்தாலிய ரைகிராஸ் ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகள் வரை இருக்கும். குளிர்காலத்தில் மற்றவை தூங்கும்போது இது வளர்ந்து தருவதால் அதை விரும்பி விதைப்பார்கள். பல்லாண்டு வகையையும் இத்தாலிய வகையையும் கலந்து உருவாக்கிய கலப்பின வகைகள், எந்தப் பக்கத்துப் பெற்றோரின் பங்கு மிகுதியோ அதற்கேற்ப இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் நிற்கும். ஐந்தாண்டுக்கு மேல் எதிர்பார்ப்பதற்கு உரியது பல்லாண்டு ரைகிராஸ் மட்டுமே. இத்தாலிய வகையை விதைத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் அது செத்துவிட்டது என்று வருந்துவதில் பொருளில்லை, ஏனெனில் அது தன் ஆயுளை முடித்துக்கொண்டு போயிருக்கிறது. குளிர்காலத் தீவனம்தான் நோக்கம் என்றால் அடுத்த முறையும் அதையே விதைக்கலாம், ஆனால் மறுவிதைப்புச் செலவை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பல்லாண்டு வகையாக இருந்தும் மறைந்தது என்றால், மறைந்தது எந்த மாதத்தில், எப்படி என்று பார்க்க வேண்டும். பசு புல்லைக் கடித்து இழுக்கும்போது இலை அறுபடாமல் தூர் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து, மேய்ந்த பின் நிலமெங்கும் காய்ந்த தூர்கள் சிதறிக் கிடந்தால், வேரை ஏதோ தின்றிருக்கிறது. மண்கட்டியை உடைத்தால் அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கிடைக்கும். அவை ஜனவரியில், வடதீவின் வெப்பமான பகுதிகளில், அதாவது நார்த்லாந்து, வைக்காட்டோ, பே ஆஃப் பிளெண்டி போன்ற இடங்களில், 25 மில்லிமீட்டர் வரை வளர்ந்து கிடைத்தால் அவை பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருவண்டின் புழுக்கள். மே, ஜூன் மாதங்களில் சற்றே சிறியனவாகக் கிடைத்தால், அதிலும் தென்தீவில் கிடைத்தால், அவை அந்நாட்டிலேயே தோன்றிய புல்வேர்ப் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வேறுபாட்டைச் சரியாகக் கண்டறிவது மிகவும் முக்கியம். கருவண்டுக்குத் தடையாக நிற்கும் எண்டோஃபைட் உண்டு. புல்வேர்ப் புழுவை அதே அளவுக்கு அடக்கும் எண்டோஃபைட் வழக்கமான பல்லாண்டு ரைகிராஸ் ரகங்களில் இல்லை. முன்னதற்கு விதையை மாற்றுவது தீர்வு, பின்னதற்கு அது தீர்வாகாது.

வேர் நன்றாக இருந்து, தூரின் நடுக்குருத்து மட்டும் பழுத்துக் காய்ந்து, மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது என்றால், தூரை அடிப்பகுதியில் நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே குடைந்த வழியும் சிறிய வெளிறிய புழுவும் தென்பட்டால் அது அர்ஜென்டினத் தண்டுக் கூன்வண்டு. ஒரு புழு பல தூர்களை அழித்துவிடும். இதை அடக்குவதற்காக 1991இல் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவி தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்தது, பிற்பாடு அதன் பலன் குறைந்துவிட்டது. அதனால் விதைக்குள் இருக்கும் பாதுகாப்பே மீண்டும் முதல் அரணாகியிருக்கிறது.

அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாட்டு எண்டோஃபைட் என்று சொல்லத்தக்க, பழைய மேய்ச்சல் நிலங்களில் இயல்பாகவே இருக்கும் பூஞ்சை மூன்று வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. பெராமின் தண்டுக் கூன்வண்டை விரட்டுகிறது. எர்கோவாலின் கருவண்டை விரட்டுகிறது, ஆனால் கால்நடைக்கு வெப்பத் தவிப்பையும் கூட்டுகிறது. லோலிட்ரெம் பி ஆடுமாடுகளைத் தள்ளாட வைக்கிறது. பூச்சியைத் துரத்தும் பொருளை வைத்துக்கொண்டு ஆட்டை வீழ்த்தும் பொருள் இல்லாத பூஞ்சை வகைகளைத் தேடிப் பிடித்து, அவற்றை நல்ல ரகங்களுக்குள் செலுத்தியதே நியூசிலாந்து ஆய்வாளர்களின் சாதனை.

ஏஆர்1 என்னும் எண்டோஃபைட் வகை பெராமினை மட்டும் தருகிறது. தள்ளாட்டமே வராது, கூன்வண்டையும் மாவுப்பூச்சியையும் தாங்கும், கருவண்டுக்கு எதிராக ஓரளவே நிற்கும், வேர் அசுவினிக்கு எதிராகக் கைகொடுக்காது. ஏஆர்37 மேற்சொன்ன மூன்றையும் சுரக்காமல் ஜாந்திட்ரெம் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சேர்மங்களைச் சுரக்கிறது. கூன்வண்டின் புழு, கருவண்டு, வேர் அசுவினி, மாவுப்பூச்சி, போரினா என்னும் அந்துப்பூச்சியின் புழு ஆகிய அனைத்துக்கும் எதிராக நல்ல பாதுகாப்பு அதில் கிடைக்கிறது. ஆனால் செம்மறிகளில், சிறப்பாகக் குட்டிகளில், சில ஆண்டுகளில் தள்ளாட்டம் தோன்றக்கூடும். என்இஏ2 இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்று பொருள்களையும் சுரக்கும், ஆனால் லோலிட்ரெம் பி மிகக் குறைந்த அளவிலேயே இருக்கும்.

ஆகவே வைக்காட்டோவின் பால் பண்ணையில் கருவண்டும் அசுவினியும் சேர்ந்து நிலத்தை அழித்திருந்தால், ஏஆர்1 விதைத்திருந்தவர் ஏஆர்37 உள்ள ரகத்துக்கு மாறுவது நியாயமான முடிவு. கருவண்டு எட்டிப் பார்க்காத, தென்தீவின் தென்கோடியான சௌத்லாந்தில் செம்மறி வளர்ப்பவருக்கு அதே ஆலோசனையைச் சொல்வது தேவையற்றது. அவருக்கு ஏஆர்1 போதுமானதாக இருக்கலாம். இருவரும் ஒரே விளம்பரத்தைப் பார்த்து ஒரே விதையை வாங்குவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. சீட்டில் ஏஆர்37 என்று போட்டிருந்தும் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். எண்டோஃபைட் உயிருள்ள பூஞ்சை என்பதால், விதை வெப்பமும் ஈரமும் உள்ள கொட்டகையில் ஒரு கோடை கிடந்தால் பூஞ்சை செத்துவிடும். விதை மட்டும் குறையில்லாமல் முளைக்கும். முளைப்புச் சோதனையில் இது தெரியவே தெரியாது. அடையாளமிட்ட எண்டோஃபைட் விதையில் குறைந்தது 70 சதவிகித விதைகளிலாவது உயிருள்ள பூஞ்சை இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதைத்துறையின் அளவுகோல். போன ஆண்டு மிஞ்சிய பையை இந்த ஆண்டு விதைத்தவர்கள் முதலில் இதைத்தான் ஐயப்பட வேண்டும். நிலத்தில் நிற்கும் தூர்களை அடியோடு அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் பூஞ்சை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். நிலம் முழுவதையும் உழுது புரட்டும் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சிறிது.

அறிகுறி: ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆடுகள் தலை நடுங்கித் தள்ளாடி விழுகின்றன

அமைதியாக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நாய் விரட்டியதும் தலை நடுங்கும், கால்கள் விறைக்கும், சில விழுந்து துடித்துச் சற்று நேரத்தில் எழுந்துவிடும். இது ரைகிராஸ் தள்ளாட்டம். எண்டோஃபைட்டுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை நியூசிலாந்தில் 1981இல்தான் உறுதிப்படுத்தினார்கள். அதுவரை மண்ணையும் வேறு பூஞ்சைகளையும் ஐயப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் கறவைப் பசுக்கள் மக்னீசியக் குறைவால் விழுவதையும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ இதே பெயரால் சுட்டுவதால் பலர் குழம்புகிறார்கள். அது வேறு நோய், உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டிய அவசர நிலை.

உடனடியாகச் செய்ய வேண்டியது மந்தையை விரட்டாமல், குளம் குட்டை ஓரத்தில் விடாமல், மெல்ல வேறு நிலத்துக்கு மாற்றுவது. குளோவர், சிக்கரி, பிளாண்டெயின் போன்றவை உள்ள நிலம் கிடைத்தால் நல்லது. (இங்கே பிளாண்டெயின் என்பது வாழையைக் குறிக்காது, நீண்ட இலையுள்ள ஒரு மேய்ச்சல் செடி.) நச்சு தூரின் அடிப்பகுதியிலும் கதிரிலும் மிகுதியாக இருப்பதால், வேறு நிலம் இல்லாதவர்கள் புல்லை அடி ஒட்ட மேயவிடாமல் இருப்பதே செய்யத்தக்கது. நல்ல தீவனத்துக்கு மாறிய ஆடுகள் பொதுவாக ஓரிரு வாரங்களில் தேறிவிடும்.

நிலையான தீர்வு விதை மாற்றம்தான். ஆனால் பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். பழைய புல்லின் மேல் ஏஆர்1 விதையைத் துளையிட்டு விதைத்துவிட்டு, அடுத்த கோடையிலும் ஆடுகள் தள்ளாடுவதைப் பார்த்துப் புதிய ரகத்தைத் திட்டுகிறார்கள். முன்பே சொன்னபடி பூஞ்சை செடிக்குச் செடி பரவாது. புதிய செடி சுத்தமாகவே இருக்கும். தள்ளாட வைப்பது அதற்குப் பக்கத்தில் தப்பிப் பிழைத்த பழைய செடியும், மண்ணில் கிடந்து முளைத்த பழைய விதையுமே. ஆகவே வசந்தத்தில் களைக்கொல்லி தெளித்துப் பழைய புல்லைக் கொன்று, கோடையில் டர்னிப்போ மக்காச்சோளமோ பயிரிட்டு, அதற்குள் முளைக்கும் பழைய விதைகளை இலையுதிர் காலத்தில் மறுபடியும் தெளித்து அழித்து, அதன் பிறகே புதிய விதையை இட வேண்டும். பழைய விதை முதிர விடாமல், முந்தைய வசந்தத்திலேயே கதிர் வரும் முன் மேய்த்தோ அறுத்தோ விடுவது இன்னும் நல்லது. இவ்வளவும் செய்துவிட்டு, பழைய நிலத்தில் அறுத்த உலர்புல்லைக் கொண்டுவந்து புது நிலத்தில் கொட்டித் தீனி போடுபவர்களும் இருக்கிறார்கள். கதிரோடு அறுத்த உலர்புல் என்பது விதை மூட்டைதான்.

ஏஆர்37 விதைத்த நிலத்தில் குட்டிகள் தள்ளாடினால் அது ரகத்தின் இயல்புக்குள் அடங்கியது. அந்த நிலத்தைக் கோடையில் மாடுகளுக்கு ஒதுக்கிவிட்டு, தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்கு வேறு நிலம் வைத்துக்கொள்வதே பண்ணைக்காரர்கள் கையாளும் வழி. குதிரையும் மானும் வளர்ப்பவர்கள் அந்த எண்டோஃபைட்டைத் தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: கோடையில் பழுப்பாகிறது, மழை வந்த பின்னும் எழவில்லை

பல்லாண்டு ரைகிராஸ் குளிர்ந்த, ஈரமான நாட்டின் புல். 18 முதல் 20 டிகிரி வரை அதற்கு உகந்த வெப்பம். 25 டிகிரியைத் தாண்டினால் தளரும். 30ஐத் தொட்டால் ஏறத்தாழ நின்றுவிடும். வேர் ஆழம் போகாது. கோடையில் பழுப்பாவது மட்டும் நோயின் அடையாளம் ஆகாது. வறட்சியில் அது ஓய்வு கொள்கிறது, அவ்வளவே. மழை பெய்து இரண்டு மூன்று வாரத்தில் தூரின் அடியிலிருந்து பச்சை வருகிறதா என்பதே சோதனை.

வரவில்லையென்றால் முதலில் மேய்ச்சல் முறையை விசாரிக்க வேண்டும். ரைகிராஸ் தூரில் ஒரு நேரத்தில் மூன்று உயிருள்ள இலைகளே இருக்கும். நான்காவது வரும்போது முதலாவது சாகும். இரண்டரை முதல் மூன்று இலை வரும்வரை காத்திருந்து, தரையிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரத்தை விட்டுவைத்து மேய்த்தால், தூரின் அடியில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பு அழியாது. வறட்சியில் தீவனம் போதாமல் ஒற்றை இலை வந்ததுமே மறுபடி மறுபடி மேய்த்த நிலம் எந்த ரகமாக இருந்தாலும் செத்துப்போகும். கடும் வறட்சிக் கோடையில் ஒரு நிலத்தைத் தியாகம் செய்து, மந்தையை அங்கேயே நிறுத்தி வெளித் தீவனம் போட்டு, மற்ற நிலங்களைக் காப்பாற்றுவது கசப்பான முடிவு. ஆனாலும் மலிவான முடிவு அதுதான்.

மேய்ச்சலில் குறையில்லை, பூச்சியும் இல்லை, அப்படியும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புல் சாகிறது என்றால், அந்த இடம் ரைகிராஸுக்கு உரிய இடமா என்று கேட்க வேண்டும். ரகப் பட்டியலில் விடை இல்லாத கேள்வி இது. ஹாக்ஸ் பே, மார்ல்பரோ, பாசனமில்லாத கேண்டர்பரி ஆகிய கிழக்குப் பகுதிகளில், வடக்கு நோக்கிய சரிவுகளிலும் கற்கள் நிறைந்த மெல்லிய மண்ணிலும், நல்ல ரைகிராஸ் ரகத்தைவிடச் சாதாரண காக்ஸ்ஃபுட் புல் நீண்ட காலம் நிற்கும். ஆழமான, வடிகால் உள்ள மண் இருந்தால் குதிரை மசால் எல்லாவற்றையும் மிஞ்சும். டால் ஃபெஸ்கியூ என்னும் புல் வெப்பத்தையும் ஈரம் தங்கும் களிமண்ணையும் ரைகிராஸைவிட நன்கு தாங்கும், ஆனால் முளைத்து வளர மெதுவாக இருப்பதால் மண் வெப்பம் 12 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே விதைக்க வேண்டும். நார்த்லாந்தில் கிகுயு புல் ரைகிராஸை மூடிக்கொண்டு வளர்கிறது. நீலகிரி மேய்ச்சல் நிலங்களில் அந்தப் புல்லைப் பார்த்தவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும். அங்கே பல்லாண்டு ரைகிராஸை நிலைநிறுத்தப் போராடுவதைவிட, கோடை முடிவில் கிகுயுவை அடியொட்ட வெட்டிவிட்டு ஆண்டுதோறும் இத்தாலிய ரைகிராஸைத் துளையிட்டு விதைத்துக் குளிர்காலத் தீவனம் எடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

இதே காரணத்தால், தமிழ்நாட்டுச் சமவெளியில் ரைகிராஸ் விதைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. அங்கே கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் கினியாப் புல்லும் செய்யும் வேலையை ரைகிராஸால் செய்ய முடியாது.

அறிகுறி: இலையில் செம்மஞ்சள் துகள்; கால்நடைகள் முகர்ந்துவிட்டு நகர்கின்றன

துரு நோய். கோடை இறுதியிலும் இலையுதிர் காலத்திலும், காற்றில் ஈரம் மிகுந்த வடக்குப் பகுதிகளில் மிகுதியாக வரும். தழைச்சத்துக் குறைந்து வளர்ச்சி மந்தமான நிலத்திலும், நாள் கடத்தி மேய்த்த நிலத்திலும் முதலில் தோன்றும். ஒரு சுற்று மேய்த்து, சிறிது தழைச்சத்து இட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். மேய்ச்சல் நிலத்துக்கு இடும் செயற்கைத் தழைச்சத்து ஆண்டுக்கு எக்டருக்கு 190 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 2021 முதல் நியூசிலாந்தில் இருப்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வந்தால் மட்டும் துருவைத் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்கலாம். தெற்கே வசிப்பவர் இதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அறிகுறி: அக்டோபரிலேயே கதிர் வாங்கித் தண்டாகிவிடுகிறது

கதிர் வந்த புல்லில் சத்துக் குறையும், பால் குறையும். ரகங்களின் கதிர்ப்பருவத்தை நூயி என்னும் பழைய ரகத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது அங்கே வழக்கம். நூயி கதிர் வாங்கும் அக்டோபர் 22ஆம் நாளைச் சுழியம் என்று வைத்து, அதற்கு 20 நாள் பிந்தியதைக் கூட்டல் 20 என்பார்கள். பிந்திக் கதிர் வாங்கும் ரகம் நவம்பர் வரை இலையாக நிற்கும் என்பதால் பால் பண்ணையாளருக்கு அது கவர்ச்சியாகத் தெரியும்.

ஆனால் அதற்கு விலை உண்டு. பிந்தும் ரகங்களில் பல வசந்தத்தின் தொடக்கத்தில் மெதுவாகவே கிளம்பும். ஜூலை, ஆகஸ்டில் கன்று ஈன்ற பசுக்களுக்குப் புல் மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். கோடை வறட்சி நவம்பர் இறுதியிலேயே வந்துவிடும் கிழக்குப் பகுதியில், கூட்டல் 25 ரகம் தன் நல்ல வளர்ச்சியைக் காட்டுவதற்குள் ஈரம் போய்விடும். அங்கே நடுப்பருவ ரகமே பொருத்தம். பாசனமுள்ள கேண்டர்பரிக்கும் கோடை மழையுள்ள சௌத்லாந்துக்கும் பிந்தும் ரகம் நன்றாகப் பொருந்தும். நடைமுறையில், பண்ணையின் பாதி நிலங்களில் நடுப்பருவமும் பாதியில் பிந்தும் ரகமும் தனித்தனியாக விதைத்து, எந்த நிலத்தை எப்போது மேய்ப்பது என்று வரிசைப்படுத்துவது நல்லது. இரண்டையும் ஒரே நிலத்தில் கலந்துவிட்டால் எந்த ரகத்தின் நேரத்துக்கும் சரியாக மேய்க்க முடியாது.

அறிகுறி: குளிர்காலச் சேற்றில் மிதிபட்ட பின் திட்டுத் திட்டாக வெறுமை

சௌத்லாந்தின் கனத்த மண்ணிலும் வைக்காட்டோவின் தாழ்ந்த நிலங்களிலும் ஆகஸ்டில் இதைப் பார்க்கலாம். வெற்றிடங்களில் முதலில் வருவது ஓராண்டுப் போவா புல். அது நல்ல புல் போலத் தோன்றிக் கோடையில் மறைந்துவிடும். டெட்ராப்ளாய்டு ரகங்களில் தூர்கள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரியவை, இலை அகலமானது, கால்நடைக்குச் சுவையானது. அந்தச் சுவையே அவற்றை மிகையாக மேயவைக்கிறது, அந்தக் குறைந்த எண்ணிக்கையே மிதிபட்டால் மீள்வதைக் கடினமாக்குகிறது. டிப்ளாய்டு சிறு தூர்களாக அடர்ந்து வளர்வதால் குளம்பையும் வறட்சியையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆகவே ஈரம் தங்கும் நிலத்துக்கு டிப்ளாய்டு, வடிகாலும் பாசனமும் கவனமான மேய்ச்சலும் உள்ள நிலத்துக்கு டெட்ராப்ளாய்டு என்பது பாதுகாப்பான தொடக்கம். எனினும், நீர் தேங்கும் நிலத்தில் விதைக்குச் செலவிடும் பணத்தை முதலில் வடிகாலுக்கும், மழை நாளில் மந்தையை நிறுத்தும் மேடைக்கும் செலவிட்டால் பலன் விரைவில் தெரியும்.

அறிகுறி: எந்த ரகமும் வெளிறிக் குன்றி நிற்கிறது, குளோவர் அறவே இல்லை

ரகத்தை விட்டுவிட்டு மண் பரிசோதனை செய்ய வேண்டிய இடம் இது. தாதுமண்ணில் பி.எச். 5.8 முதல் 6.0 வரை இருப்பது இலக்கு; 5.5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், குளோவர் முதலில் போகும். வைக்காட்டோவின் கரிமண் (மட்கிய தாவரப்பொருள் நிறைந்த மண்) நிலங்களில் இலக்கு சற்றுத் தாழ்வாக 5.0 முதல் 5.5 வரை. சுண்ணாம்பு இட்டு அது வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும் என்பதால், இலையுதிர்கால விதைப்புக்கான சுண்ணாம்பை முந்தைய ஆண்டிலேயே இட்டுவிட வேண்டும். அமில மண்ணைத் தாங்கும் ரகம் என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பது காலவிரயம்.

விதைக்கடையில் கேட்க வேண்டிய வரிசை

அறிகுறியும் காரணமும் தெளிந்த பிறகு, முதலில் எத்தனை ஆண்டு நிற்க வேண்டும் என்பதைக் கொண்டு புல்லின் வகையையும், அடுத்து நிலத்தில் கண்ட பூச்சியையும் மேயும் விலங்கையும் கொண்டு எண்டோஃபைட்டையும், பிறகு ஈரத்தையும் மேய்ச்சல் முறையையும் கொண்டு டிப்ளாய்டா டெட்ராப்ளாய்டா என்பதையும், கோடை ஈரத்தைக் கொண்டு கதிர்ப்பருவத்தையும் முடிவு செய்ய வேண்டும். இந்த நான்கும் முடிந்தால் பட்டியலில் ஐந்தாறு பெயர்களே மிஞ்சும். அவற்றுக்குள் தேர்வு செய்ய, பால் பண்ணைத் துறைக்கான டெய்ரிஎன்இசட் நிறுவனம் வெளியிடும் தீவன மதிப்புக் குறியீடு உதவும். நாட்டை வடதீவின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி, தென்தீவின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு பருவத்தில் கூடுதலாகக் கிடைக்கும் புல்லின் மதிப்பை டாலராக மாற்றி ரகங்களை அது வரிசைப்படுத்துகிறது. தன் பகுதிக்குரிய பட்டியலை மட்டும் பார்க்க வேண்டும். வடக்கே முதலிடம் பெற்றது தெற்கே நடுவில் கிடக்கலாம். விளைச்சல் வேறு, நிலைத்திருத்தல் வேறு என்பதால், பக்கத்துப் பண்ணையில் அதே மண்ணில் நான்காம் ஆண்டில் நிற்கும் ஒரு நிலத்தை நேரில் போய்ப் பார்ப்பதையும் விட்டுவிடக்கூடாது.

விதையை விதைப்புக்கு முந்தைய வாரத்தில் வாங்குவதும், வந்ததும் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைப்பதும் எண்டோஃபைட்டைக் காக்கும். முளைத்து ஆறு முதல் எட்டு வாரத்தில், இலைகளை விரலிடுக்கில் பிடித்துச் சட்டென்று இழுக்கும்போது வேர் வராமல் இலை அறுபட்டால் முதல் மேய்ச்சலுக்கு நிலம் தயார். பையின் சீட்டைக் கிழித்தெடுத்து, விதைத்த நாளும் நிலத்தின் எண்ணும் எழுதிப் பண்ணைக் குறிப்பேட்டில் ஒட்டிவைக்க வேண்டும். மூன்றாண்டு கழித்து நிலம் நலிந்தால் முதலில் தேடப்போவது அதைத்தான்.